வினாடி வினாவுக்கு என்.சி.சி. மாணவர்களைத் தயார்ப்படுத்துவது எப்படி?

அணிவகுப்பில் அசத்தும் நம் என்.சி.சி. மாணவர்கள், வினாடி வினா மேடையில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லத் தயங்குவதுண்டு. காரணம் அறிவுக் குறைவல்ல, பயிற்சிக் குறைவு.

முதலில் தலைப்புகளைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு என்.சி.சி. பற்றி: 1948-இல் தொடக்கம், 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' எனும் குறிக்கோள், நவம்பர் நான்காம் ஞாயிறு என்.சி.சி. தினம். அடுத்தவருக்கு முப்படைகளும் அறிவியலும். மூன்றாமவருக்குச் சொந்த மண்: கொற்கை முத்து, தாமிரபரணி, வ.உ.சி.யின் 1906 சுதேசிக் கப்பல் கம்பெனி, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை.

தினமும் அரை மணி நேரம், கடிகாரம் வைத்துக் கேள்வி கேளுங்கள். தவறியவற்றைத் தனி நோட்டில் எழுதவைத்து, வாரக் கடைசியில் மீண்டும் கேளுங்கள். மூவரும் கலந்து பேசி, ஒருவரே பதில் சொல்லப் பழக்குங்கள். வாய் திறக்காத மாணவரையும் விட்டுவிடாதீர்கள். பதில் பல நேரம் அவரிடம்தான் இருக்கும்.