எல்லை தாண்டும் நஞ்சும் நம் வீட்டுப் பழைய பேட்டரியும்

திருப்பதியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் தள்ளுவண்டிக்காரர் "பாத இனுமு, பாத பேட்டரீ..." என்று தெலுங்கில் ராகம் போட்டுக்கொண்டு வருவார். பழைய இரும்பு, பழைய பேட்டரி வாங்குகிறவர்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நானும் அப்படி ஒருவரிடம்தான் போட்டேன். கடையில் சொன்னதைவிட நூறு ரூபாய் அதிகம் கிடைத்தது. அவர் சுமை குறையட்டும் என்று உள்ளே இருந்த அமிலத்தைப் பக்கத்துக் காலி மனையில் கவிழ்த்துவிட்டுப் போனார். அங்கிருந்த புல் கருகிவிட்டது. மறுநாள் மாலை தெருப் பிள்ளைகள் அங்கேயே கிரிக்கெட் ஆட வந்தார்கள். "அங்க போகாதீங்கடா!" என்று கத்தினேன். காரணம் நான்தான் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இந்தக் கட்டுரைக்கு வித்து அதுதான்.

பேட்டரி எடையில் பாதிக்கு மேல் காரீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வேறு, அது வெள்ளீயம். காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் கணக்கிட்டது.

இத்தகைய கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டா? உண்டு. 1988-ல் நைஜீரியாவின் கோகோ என்ற ஊரில் இத்தாலியின் நச்சுக் கழிவைக் கொண்டுவந்து போட்ட செய்தி உலகையே உலுக்கியது. மறு ஆண்டே பாசல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இப்போது நம் நாட்டில் நடப்பில் உள்ளவை 2016-ம் ஆண்டு விதிகள். அவற்றின் சாரம் இதுதான்: புதைக்கவோ எரித்து ஒழிக்கவோ எந்த நாட்டிலிருந்தும் அபாயக் கழிவை இறக்குமதி செய்யக் கூடாது. மறுசுழற்சிக்கும் மறுபயன்பாட்டுக்கும் மட்டுமே, அதுவும் உரிய நிபந்தனைகளோடுதான், கொண்டுவரலாம். சட்டவிரோதமாக வந்தது என்று தெரிந்தால், வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் இறக்குமதி செய்தவரே தம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கிருந்து ஏற்றுமதி செய்வதானாலும், பெறும் நாட்டின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

"திருப்பி அனுப்புறதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, நம் கொடைக்கானலிலேயே. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. 2001-ல் அதன் பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். போராட்டம் எழுந்தது, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஓர் உடன்பாடு கிட்ட 2016 வரை ஆயிற்று. கழிவைத் திருப்பி அனுப்பலாம். உடம்புக்குள் போனதை அனுப்ப முடியுமா?

கடல் எல்லைக்கு மட்டுமல்ல, மாநில எல்லைக்கும் விதி இருக்கிறது. ஆந்திராவிலிருந்து ஓர் ஆலையின் அபாயக் கழிவு மறுசுழற்சிக்குத் தமிழ்நாடு போக வேண்டுமானால், லாரியில் ஏற்றுமுன் இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் தகவல் தர வேண்டும். லாரிக்கான சரக்குச் சீட்டு ஏழு படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலைகள் கரகம்பாடியிலும் சித்தூர்ப் பக்கத்திலும் இருக்கின்றன. அதே குழுமம் மறுசுழற்சி ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் நம் செய்யாறு.

இப்படிக் கப்பலுக்கு ஒப்புதல், லாரிக்கு ஏழு சீட்டு என்று இருக்க, நம் வாசலிலிருந்து கிளம்பும் பேட்டரிக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. சங்கிலி அறுவது அங்கேதான். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. மற்றக் குப்பையோடு கலக்காமல் உரியவரிடம் சேர்க்கும் கடமை நம்முடையது.

ஆகவே உறவுகளே, புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள், பில்லில் அதையும் எழுதி வாங்குங்கள். அமிலத்தை வீட்டில் கொட்டாதீர்கள், பிறரையும் கொட்ட விடாதீர்கள். தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த அமிலம் முதலில் படுவது அவர் கையில்தான்.

சென்ற ஆண்டு எங்கள் பேட்டரி மறுபடி செத்தது. ஆட்டோ வைத்துக் கடைக்கே கொண்டுபோனேன். "நூறு ரூபாய் போச்சே!" என்றாள் மனைவி. போனால் போகட்டும் என்றேன். அந்தக் காலி மனையில் இன்றும் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.