வாசகர் உற்பத்தியாளரானமை: விஞ்ஞானப் புனைகதை இரசிகர் சஞ்சிகைகள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு பெரும்பாலும் எழுதியோரின் வரலாறாகவே அமைந்து வந்துள்ளது. வாசித்தோர் அதிலே இடம்பெறுவது அரிது. எழுத்துப் பண்டமாக விற்கப்படும் சமுதாயத்தில் வாசகன் விலைகொடுத்து வாங்குபவனாக மட்டுமே கணிக்கப்படுதல் இதற்கான முதன்மைக் காரணமாகும். இக்கணிப்பு எங்கும் பொருந்துவதன்று என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் தோன்றிய விஞ்ஞானப் புனைகதை இரசிகர் சஞ்சிகைகள் தக்க சான்றாகும். வாசகர் தாமே எழுதி, தாமே பிரதிசெய்து, தாமே பரப்பிய இவ்வேடுகள் எத்தகைய நிலைமைகளிற் பிறந்தன, அவற்றின் சுதந்திரத்துக்கு எல்லை யாது என்னும் இரு வினாக்களையும் ஈண்டு நோக்குவாம்.

ஹியூகோ கேர்ண்ஸ்பாக் 1926 ஏப்பிரலில் 'அமேசிங் ஸ்ரோரிஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைக்கெனவே வெளிவந்த முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை இது. இலாப நோக்குடைய இவ்வெளியீட்டின் கடிதப் பகுதியில் வாசகரின் முகவரிகளும் அச்சிடப்பட்டன. தனித்தனியே சிதறிக்கிடந்த இளைஞர் ஒருவரையொருவர் கண்டறியவும் தபால்மூலம் விவாதிக்கவும் இது வழிசெய்தது. இத்தொடர்புகளிலிருந்தே கழகங்கள் உருவாயின. சிக்காகோவில் 1930 மே மாதம் வெளிவந்த 'த கொமெற்' முதலாவது இரசிகர் சஞ்சிகையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. சந்தை தன் தேவைக்காக ஒன்றுதிரட்டிய வாசகர், அச்சந்தைக்குப் புறம்பான உறவொன்றைத் தமக்குள் அமைத்துக்கொண்டமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுறவின் பௌதிக அடிப்படை மிக எளியது. ஜெலற்றின் பரப்பில் மூலப்பிரதியைப் பதித்தெடுக்கும் முறையில் ஏறத்தாழ 50 பிரதிகளே தெளிவாகக் கிடைத்தன. நாம் றோனியோ என வழங்கும் இயந்திரத்தின் இனத்தைச் சேர்ந்த மிமியோகிராப்பில் சில நூறு பிரதிகள் எடுக்க முடிந்தது. தட்டச்சுப் பொறியும் தபால் முத்திரையும் வாய்த்தால், அச்சகமோ முதலீட்டாளரோ வேண்டப்படவில்லை. விநியோக முறையும் கருதற்பாலது. பணம் செலுத்தியோருக்கு மாத்திரமன்றி, படைப்பு அனுப்பியோருக்கும், விமரிசனக் கடிதம் எழுதியோருக்கும், தமது சஞ்சிகையைப் பதிலுக்கு அனுப்பியோருக்கும் பிரதி கிடைத்தது. உழைப்புக்கு உழைப்பே ஈடாயிற்று. இம்முறைக்கு அமைப்புவடிவம் கொடுத்து 1937இல் விசிறி எழுத்தாளரின் தபால்வழிச் சங்கமொன்று நிறுவப்பட்டது. அங்கத்தவர் தத்தம் ஏடுகளை ஒருவரிடம் சேர்ப்பிக்க, அவர் அவற்றைக் கட்டாக்கி அனைவருக்கும் அனுப்பினார். 'பான்சீன்' என்னும் ஆங்கிலச் சொல் 1940இலேயே ஆக்கப்பட்டது.

பெரும் பொருளாதார மந்த காலத்துப் பிள்ளைகளாகிய இவ்விளைஞர் சமூக முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டு நிற்கவில்லை. நியூயோர்க்கைச் சேர்ந்த டொனால்ட் வொல்ஹைமின் கதை 1934இல் கேர்ண்ஸ்பாக்கின் சஞ்சிகையொன்றில் வெளிவந்தும் ஊதியம் வழங்கப்படவில்லை. அவர் ஏனைய எழுத்தாளருடன் கூடி வழக்குத் தொடுத்ததோடு, தம் அனுபவத்தை 1935இல் இரசிகர் ஏடொன்றிலே பகிரங்கப்படுத்தினார். வர்த்தகச் சஞ்சிகை மறைக்க விரும்பியதை இரசிகர் ஏடு வெளியிட்டது. 1937 ஒக்டோபரில் பிலடெல்பியாவிற் கூடிய மாநாட்டில், ஜோன் மைக்கல் எழுதிய உரையை வொல்ஹைம் வாசித்தார். விஞ்ஞானப் புனைகதை இரசிகர் பாசிசத்தை எதிர்த்து, விஞ்ஞானரீதியான சோஷலிச உலக அரசுக்காக உழைக்கவேண்டுமென அது கோரியது. தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. 1939 யூலையில் நியூயோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக மாநாட்டில் இக்குழுவினர் அறுவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எதிர்காலம் பற்றிய கற்பனை யாருடைய எதிர்காலத்துக்குரியது என்னும் வினாவே இப்பூசல்களின் அடியில் இருந்தது எனலாம்.

இனி எல்லையை நோக்குவாம். கிளீவ்லாந்து நகர இளைஞரான ஜெரி சீகல் 1933இல் தமது சொந்தச் சஞ்சிகையில் 'சுப்பர்மான்' என்னும் பெயர்கொண்ட பாத்திரமொன்றை அறிமுகஞ்செய்தார். சித்திரம் வரைந்தவர் ஜோ ஷுஸ்ரர். பின்னர் அப்பெயரையே முற்றிலும் மாறுபட்ட வீரனொருவனுக்குச் சூட்டி, 1938இல் அவன் கதையை உரிமையோடு சேர்த்து 130 டொலருக்கு விற்றனர். அப்பாத்திரம் ஈட்டிய பெருஞ்செல்வம் நிறுவனத்துக்கே சென்றது. படைத்தோர் தமது உரிமைக்காக நீதிமன்றங்களில் நெடுங்காலம் போராட நேர்ந்தது. றோனியோ இயந்திரம் கையிலிருந்தது. தேசிய சந்தை கையிலிருக்கவில்லை. தொழிலின் பயிற்சிக் களமாகவும் இவ்வேடுகள் அமைந்தன. றே பிராட்பரி 1939, 1940 ஆண்டுகளில் தமது ஏட்டின் நான்கு இதழ்களை வெளியிட்டார். பின்னர் இலங்கையை வாழ்விடமாக்கி 2008இல் இங்கேயே மறைந்த ஆதர் சி. கிளார்க்கின் ஆரம்பகாலக் கதைகளும் 1937, 1938 ஆண்டுகளில் இங்கிலாந்தின் இரசிகர் வெளியீடுகளிலேயே வந்தன. ஊதியமின்றிப் பயின்ற திறனைப் பதிப்புத்துறை பின்னர் செலவின்றி அறுவடை செய்தது.

தொடக்ககால ஏடுகளை நடத்தியோர் பெரும்பாலும் ஆண்களே என்பதும் மறைக்கற்பாலதன்று. 'ஸ்ரார் ரெக்' தொலைக்காட்சித் தொடரையொட்டி 1967இல் வெளிவந்த 'ஸ்பொக்கனாலியா' முதலானவற்றின் மூலமே பெண்கள் பெருந்தொகையினராய் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் முன்வந்தனர். தொலைக்காட்சி நிறுவனத்தின் பாத்திரங்களைக்கொண்டு தமது கதைகளை அவர்கள் ஆக்கினர். சீகலின் அனுபவத்துக்கு இது நேரெதிரான இயக்கம்.

சுருங்கக் கூறின், இரசிகர் சஞ்சிகை வாசகனுக்கு உற்பத்திக் கருவியை அளித்தது. விளைபொருளின் மீதான அதிகாரத்தை அளிக்கவில்லை. ஆயினும் எழுதுவோன், வாசிப்போன் என்னும் பிரிவினை மனித இயல்பிலிருந்து எழுந்ததன்று, வரலாற்றில் உருவானதே என்பதை அது நடைமுறையில் நிறுவிக் காட்டியது. மங்கிப்போகும் அத்தாள்களை இலக்கிய வரலாற்றாசிரியன் புறக்கணிப்பானாயின், அவன் இழப்பது இந்த உண்மையையே.