தேதியா? இடமா?

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்தோம். காற்று எதிர்த்திசையில் வீசினால் என்ன செய்வது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அதற்கு விடை, கடந்த ஆண்டு நீண்ட விடுமுறையில் லங்காவியில் கிடைத்தது.

என் தாய்மாமா அங்குள்ள படகுத்துறையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அவருக்கு உதவியாக ஏழு வாரங்கள் இருந்தேன். பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு நாடு நாடாகச் செல்லும் பலரை அங்குக் கண்டேன். அவர்களுள் நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் என்னிடம் அன்பாகப் பழகினர். 11 மீட்டர் நீளமுள்ள அவர்களின் படகில் அடுப்பு, படுக்கை, புத்தக அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. தேதி குறித்த பயணத் திட்டம் மட்டும் இல்லை. தங்களைக் காண வரும் உறவினரிடம் அவர்கள் ஒரு நிபந்தனை சொல்வார்கள்: "தேதியைக் கேளுங்கள், அல்லது இடத்தைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள்." படகில் வாழ்வோர் பலரிடம் இந்த வழக்கம் உண்டு என்றார் மாமா.

முதலில் இது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. லங்காவியிலிருந்து பினாங்கு சுமார் 60 கடல் மைல். அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அத்தகைய படகு மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் சென்றால் 12 மணி நேரம் ஆகும். கடலில் விரித்திருக்கும் மீன்வலைகளும் மிதந்து வரும் மரக்கட்டைகளும் இரவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலை புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் படகு நடுக்கடலில் நின்றுவிடும். ஆகவே விடியலில் புறப்பட்டு, இருட்டுவதற்குள் சேர்வதையே பலர் விரும்புகின்றனர். எதிர்க்காற்றால் வேகம் 4 கடல் மைலாகக் குறைந்தால் அதே பயணம் 15 மணி நேரமாகிவிடும். ஒரு மைல் குறைவதால் பகல் பயணம் இரவுப் பயணமாகிறது.

இதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. அதனைச் 'சுமத்ரா' என்றே அழைக்கின்றனர். ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் இடிமேகங்கள் வரிசையாகத் திரள்கின்றன. அவை கிழக்கே நகர்ந்து, விடியற்காலையிலோ காலையிலோ தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையைத் தாக்குகின்றன. ஓரிரு மணி நேரமே நீடித்தாலும், பலத்த காற்றும் கனமழையும் சேர்ந்து வரும். படகுகள் புறப்பட விரும்பும் நேரமும் இதுவே!

அக்டோபர் தொடக்கத்தில் அந்தத் தம்பதியர் ஒரு சனிக்கிழமை பினாங்குக்குப் புறப்படுவதாக இருந்தனர். திங்களன்று எனக்கு அங்கே பல்கலைக்கழகப் பதிவு இருந்ததால், என்னையும் அழைத்துச் செல்வதாகக் கூறியிருந்தனர். வெள்ளி மாலை அந்த அங்கிள் வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைப் படித்தார். தென்மேற்கு அடிவானில் மின்னிய மின்னலையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளை வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "மழைதானே அங்கிள், சமாளித்துக்கொள்ளலாம். எனக்குத் திங்கட்கிழமை பதிவு இருக்கிறது," என்று வற்புறுத்தினேன். அவர் கோபப்படவில்லை. "உனக்குத் தேதி வேண்டும். அப்படியென்றால் உனக்கேற்றது படகு அன்று, பேருந்து," என்றார்.

அதிகாலை நான்கு மணியளவில் அடித்த காற்றில் மாமாவின் வீட்டுக் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. படகுத்துறைக்கு ஓடினோம். கட்டியிருந்த படகுகளே கயிறுகளை இழுத்துத் திமிறிக்கொண்டிருந்தன. அங்கிளும் ஆன்ட்டியும் மழையில் நனைந்தபடி கூடுதல் கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று முந்திய நாள் சொன்னவனும் நான்தான். அவ்வாறு கிளம்பியிருந்தால் அந்நேரம் மூவரும் கடலில் இருந்திருப்போம். என் பதிவுக்காக இரண்டு முதியவர்களின் உயிரையும் அவர்களின் வீட்டையும் பணயம் வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காற்று அடங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் கோலக் கெடாவுக்கு ஃபெரி ஏறி, அங்கிருந்து பேருந்தில் பினாங்கு சேர்ந்தேன்.

இதனால் அவர்கள் திட்டமில்லாமல் வாழ்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. லங்காவியிலிருந்து மேற்கே இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ செல்லும் பாய்மரப் படகுகள், பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் புறப்படுகின்றன. அதைத் தவறவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று எதிரே நிற்கும். அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். எனவே அவர்கள் பருவத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, நாளை மட்டும் தளர்வாக விடுகின்றனர். கடப்பிதழில் தங்கும் நாள்களையும் கணக்கில் வைத்துக்கொள்கின்றனர். தேவைக்கு மேல் ஒரு வாரத்திற்கான உணவும் நீரும் சேமிக்கின்றனர். வழியில் ஒதுங்கக்கூடிய இடங்களை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்கின்றனர். இந்த முன்னேற்பாடு இருப்பதால்தான் அவர்களால் "நாளை வேண்டாம்" என்று அமைதியாகச் சொல்ல முடிகிறது.

இது புதிய வழக்கமும் அன்று. 671ஆம் ஆண்டு குவாங்சோவிலிருந்து கடல்வழியே இந்தியாவுக்குப் புறப்பட்ட சீனத் துறவி யிஜிங், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதங்கள் தங்கினார். அந்நாள்களில் அவர் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். பிறகு மலாயுவிலும், நாம் கடாரம் என்றழைக்கும் கெடாவிலும் தங்கி, 673ஆம் ஆண்டுதான் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தியை அடைந்தார். வழியில் தங்கிய மாதங்களை அவர் வீணாக்கவில்லை.

மாணவர்களாகிய நாம் தேர்வுக்கும் பதிவுக்கும் தேதி குறித்தே பழகியவர்கள். அதில் தவறில்லை, பல்கலைக்கழகம் காற்றைப் பார்த்து இயங்க முடியாது. ஆனால், எல்லாவற்றையும் நம் தேதிக்குள் அடக்கப் பார்க்கும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பதியர் ஐந்து நாள் கழித்துப் பினாங்கு வந்து சேர்ந்தனர். எந்த நாளில் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. இடம் மட்டும் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.