கொதித்தால் போதுமா?

நாற்பது வருடம் முன்பு ஊர் கிளினிக்குகளில் கம்பவுண்டர் பக்கத்தில் ஸ்பிரிட் அடுப்பு எரியும். அதன்மேல் எவர்சில்வர் டப்பா. உள்ளே கண்ணாடி சிரிஞ்சும் ஊசிகளும் தளதளவெனக் கொதிக்கும். இடுக்கியால் எடுத்து, ஆவி அடங்குமுன் மருந்தை ஏற்றுவார். சுத்தமா என்று யாரும் கேட்டதில்லை. கொதித்துவிட்டதே, அப்புறம் என்ன?

கேட்டிருக்க வேண்டும். சில பாக்டீரியாக்கள் ஸ்போர் என்ற கெட்டி உறைக்குள் ஒடுங்கிக் கொதிநீரையும் தாக்குப்பிடிக்கும் என்று 1876-லேயே ஜெர்மனியில் பெர்டினாண்ட் கோன் எழுதிவிட்டார். டெட்டனஸ் கிருமியும் அந்த ரகம்தான். ஸ்போரின் உள்ளே ஈரம் மிகக் குறைவு. அதனால்தான் சூடு அதை எளிதில் குலைப்பதில்லை. அதைக் கொல்லும் வழியும் சீக்கிரமே வந்தது: 1879-ல் பிரான்ஸில் சாம்பர்லாந்து உருவாக்கிய ஆட்டோகிளேவ். அழுத்தமான நீராவியில் 121 டிகிரி, 15 நிமிடம் என்பது இன்றைய வழக்கமான கணக்கு.

தூக்கியெறியும் சிரிஞ்சு வந்ததும் அந்த டப்பா மறைந்தது. கத்தரி, இடுக்கி, பல் பிடுங்கும் குறடு போன்றவற்றைத் தூக்கியெறிய முடியுமா? அவை பொட்டலமாகக் கட்டப்பட்டு ஆட்டோகிளேவுக்குள் போகின்றன. பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் பலருக்கும் திருப்தி. பொட்டலத்தின் மேல்புறம் சூடுபட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உள்ளே கிருமி செத்ததற்கு அல்ல.

அதை அறியத்தான் ஒரு கிருமியையே வேவு பார்க்க அனுப்புகிறார்கள். சூட்டுக்கு அசராத ஜியோபேசில்லஸ் ஸ்போர்கள் லட்சக்கணக்கில் ஏற்றிய தாள் உள்ள சின்னக் குப்பியைக் கருவிகளோடு வைப்பார்கள்; அதுவும் காற்று தேங்கி நீராவி எட்டாமல் போகக்கூடிய அடிப்பகுதியில், வடிகால் பக்கம். வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் கண்ணாடிக் குமிழை நசுக்குவார்கள். ஊதா நிறச் சத்துநீர் ஸ்போர் தாளை நனைக்கும். 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் வைத்தபின் மஞ்சளானால் ஸ்போர் பிழைத்துவிட்டது, சுத்திகரிப்பு தோல்வி. பக்கத்திலேயே ஆட்டோகிளேவைப் பார்க்காத இன்னொரு குப்பி இருக்கும். அது மஞ்சளாகியே தீர வேண்டும். இல்லையென்றால் சோதனையே செல்லாது.

முன்பு ஸ்போர் தாளை ஆய்வகத்துக்கு அனுப்பி ஏழு நாள் காத்திருந்தார்கள். அதற்குள் அந்தக் குறடு எத்தனை வாய்க்குள் போயிருக்கும்! இப்போது ஸ்போரின் நொதியால் உண்டாகும் ஒளிர்வைப் படிக்கும் கருவிகள் சில மணி நேரத்தில், சில வகைகள் 24 நிமிடத்திலேயே, முடிவு சொல்லிவிடுகின்றன.

வாரம் ஒரு முறையாவது இந்தச் சோதனை வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, கடைசியாக ஸ்போர் டெஸ்ட் எப்போது செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.