பேட்ஃபிங்கர் (இசைக்குழு)

பேட்ஃபிங்கர் என்பது 1970களின் முற்பகுதியில் புகழ்பெற்றிருந்த பிரித்தானிய ராக் இசைக்குழு ஆகும். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் தோன்றிய இக்குழு, பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வழியாக உலக அளவில் அறியப்பட்டது. பாடல்கள் நன்கு விற்பனையான போதும் அந்த வருவாய் உறுப்பினர்களின் கைக்கு முறையாகச் சேரவில்லை. இதுவே 1975இல் குழு சிதைந்ததற்கு முதன்மைக் காரணமாயிற்று.

தோற்றம்

பாடகரும் கிதார் கலைஞருமான பீட் ஹாம் 1960களில் தம் நண்பர்களுடன் சேர்ந்து "தி ஐவீஸ்" என்ற குழுவை நடத்தி வந்தார். ஸ்வான்சியிலுள்ள ஐவி பிளேஸ் என்ற தெருவின் பெயரே குழுவுக்குச் சூட்டப்பட்டது. 1965இல் மைக் கிப்பின்ஸ் டிரம்ஸ் இசைக்கவும், 1967இல் லிவர்பூலைச் சேர்ந்த டாம் எவன்ஸ் பாடவும் வந்து சேர்ந்தனர். பீட்டில்ஸ் குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் இவர்களின் ஒலிப்பதிவுகளை ஆப்பிள் நிறுவனத்திடம் கொண்டு சென்றார். 1968இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஜோயி மோலண்ட் கிதார் கலைஞராக இணைந்தார். குழுவின் பெயரும் பேட்ஃபிங்கர் என மாற்றப்பட்டது.

வளர்ச்சி

பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்த "கம் அண்ட் கெட் இட்" என்ற பாடல் 1970இல் பிரித்தானியத் தரவரிசையில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. அதன்பின் "நோ மேட்டர் வாட்", "டே ஆஃப்டர் டே", "பேபி புளூ" ஆகிய, ஹாம் எழுதிய பாடல்களும் வெற்றி பெற்றன. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சியிலும் இக்குழுவினர் இசைத்தனர்.

ஹாமும் எவன்ஸும் சேர்ந்து எழுதிய "விதவுட் யூ" என்ற பாடல் 1970இல் "நோ டைஸ்" இசைத்தொகுப்பில் வெளியானது. அதை ஹாரி நில்சன் மீண்டும் பாட, 1972இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றது.

வீழ்ச்சி

1970இல் அமெரிக்கரான ஸ்டான் போலி குழுவின் வணிக மேலாளரானார். குழுவின் வருவாய் அவர் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு நிறுவனத்துக்குச் சென்றது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் மட்டுமே தரப்பட்டது. எவ்வளவு ஈட்டினோம், அதில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை அவர்களால் சரிபார்க்க முடியவில்லை.

1972இல் குழு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் செய்தது. அந்நிறுவனம் அளித்த முன்பணத்தின் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காகத் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பணம் எங்கே என்பதற்கு விளக்கம் கிடைக்காததால், 1974இன் இறுதியில் வார்னர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அப்போதுதான் வெளியாகியிருந்த "விஷ் யூ வேர் ஹியர்" என்ற இசைத்தொகுப்பு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த தொகுப்பையும் நிறுவனம் வெளியிடவில்லை. அது 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. வழக்கு நடந்த காலத்தில் உறுப்பினர்களின் சம்பளமும் நின்றுபோனது.

கடும் பணநெருக்கடிக்கும் மனவுளைச்சலுக்கும் ஆளான பீட் ஹாம், 1975 ஏப்ரல் 24 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 28ஆம் பிறந்த நாளுக்கு அப்போது மூன்று நாட்களே இருந்தன. அத்துடன் குழு கலைந்தது.

பின்னர்

மோலண்டும் எவன்ஸும் குழுவை மீண்டும் தொடங்கி 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுப்புகளை வெளியிட்டனர். பாடல் உரிமத்தொகை குறித்த பூசல்கள் தொடர்ந்தன. 1983இல் எவன்ஸும் தற்கொலை செய்துகொண்டார்.

1994இல் மரியா கேரி பாடிய "விதவுட் யூ" பிரித்தானியாவில் மீண்டும் முதலிடம் பெற்றது. 2013இல் "பிரேக்கிங் பேட்" தொலைக்காட்சித் தொடரின் இறுதிக் காட்சியில் "பேபி புளூ" ஒலித்ததால் புதிய தலைமுறையினரும் இக்குழுவை அறிந்தனர். அதே ஆண்டில் ஸ்வான்சியில் பீட் ஹாமுக்கு நினைவுப் பலகை நிறுவப்பட்டது.

கலைஞர்கள் தாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்வதும், வருவாய்க் கணக்கைத் தாமே பார்வையிடும் உரிமையைக் கைவிடாதிருப்பதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இக்குழுவின் வரலாறு எடுத்துக்காட்டாக விளங்குகிறது.