கழுத்தில் தொங்கும் அட்டை: ஆம்புலன்ஸில் பின்னால் இருப்பவர் யார்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி. வ. புதுப்பட்டியில் இருக்கும் எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டினோம். "மதுரைக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கையில் கிடைத்த தனியார் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று எழுபத்தைந்து கிலோமீட்டர் பக்கம் போக வேண்டும்.

பின்னால் சித்தப்பா, நான், கூட ஒரு பையன். இருபது வயசு இருக்கும். கழுத்தில் நீலக் கயிறு, அதில் ஓர் அட்டை. போட்டோ, பெயர், அதற்குக் கீழே 'ஈ.எம்.டி.' என்று போட்டிருந்தது. அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது உண்மை. கல்லுப்பட்டி தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூண்ணே. ஒரு ஆஸ்பத்திரில ஆறு மாசம் வார்டுல நின்னேன். அப்படியே பழகிருச்சு."

"இந்தக் கார்டு யாரு குடுத்தாங்க?"

"ஓனர்தாண்ணே. போட்டோ கடையில அடிச்சது."

பையன் நல்ல பையன். ஆக்சிஜனைப் பார்த்துக்கொண்டே வந்தான், சித்தப்பா கையை விடவே இல்லை. சித்தப்பாவும் பிழைத்துவிட்டார். ஆனால் அவருக்கு வழியில் இதயம் நின்றிருந்தால் அந்தப் பையனுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அடையாளம் வேறு, அனுமதி வேறு

என் தொழிலில் இதை இரண்டாகப் பிரிப்போம். 'நீ யார்?' என்பது ஒரு கேள்வி. 'உனக்கு எதைச் செய்ய அனுமதி இருக்கு?' என்பது வேறு கேள்வி. ஆபீஸ் கதவைத் திறக்கும் அட்டை இருப்பதாலேயே வங்கியின் டேட்டாபேஸில் கை வைக்க முடியாது.

ஐடி கார்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்: இவர் இந்த நிறுவனத்தின் ஆள். லைசென்ஸ் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்: இவர் இந்த வேலையைச் செய்யத் தகுதியானவர் என்று ஓர் அரசு அமைப்பு சோதித்துப் பார்த்திருக்கிறது, தப்பு செய்தால் அதைப் பறிக்கவும் செய்யும். பறிக்க முடியும் என்பதுதான் இதில் முக்கியம். ஓனர் கொடுத்த அட்டையை ஓனர் பிடுங்கிக்கொண்டால், அடுத்த தெருவில் இருக்கும் வேறொரு ஓனர் புதுசா அடித்துக் கொடுத்துவிடுவார்.

கண்டக்டருக்கு உண்டு

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் யாரும் பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்க்க முடியாது. நம்ம ஊரில் அந்த லைசென்ஸ் வாங்கப் போனால் முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்புக்குப் போய் அதை வாங்கி வந்தவர்களை எனக்கே தெரியும். அதாவது வத்திராயிருப்பு பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் முதலுதவி படித்தாரா என்று அரசு கேட்கிறது. என் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்த பையனை யாருமே கேட்கவில்லை.

டிரைவர் கதையும் சுவாரசியமானது. 7,500 கிலோவுக்கு மேல் போகாத இலகுரக வாகனத்தைப் போக்குவரத்து வாகனமாக ஓட்ட, சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. நாம் பார்க்கும் வேன் ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வரும். ஆம்புலன்ஸ் வேலைக்கு மட்டுமே ஓடும் வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை என்று அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. அவசர வண்டியை பெர்மிட்டுக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

வண்டிக்கு இன்னும் தெளிவாகவே விதி இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிலை ஆம்புலன்ஸை நான்காகப் பிரிக்கிறது. 'ஏ' முதலில் ஓடி வரும் வண்டி (பைக் கூட இதில் வரும்). 'பி' நோயாளியை இடம் மாற்ற மட்டும். 'சி' அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது. 'டி' மேம்பட்ட உயிர்காப்பு வசதி உள்ளது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பது 2019 திருத்தத்தில் வந்தது. ஆக, வண்டிக்கு எல்லாம் இருக்கு. உள்ளே இருக்கும் மனுஷனுக்கு?

108இல் எப்படி?

108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஆந்திராவில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15இல் வந்தது. அரசின் பணம், இ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்தின் நிர்வாகம். வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுபவர் 'பைலட்', பின்னால் ஈ.எம்.டி.

இவர்களின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பார்த்தால் ஈ.எம்.டி. வேலைக்கு நர்சிங் படித்தவர்களும் வரலாம், பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் படித்தவர்களும் வரலாம். தேர்வானவர்களுக்கு சுமார் 50 நாள் பயிற்சி. தனியார் வண்டிகள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் பயிற்சி கொடுப்பதும், தேறினார் என்று சொல்வதும், அட்டை கொடுப்பதும், சம்பளம் கொடுப்பதும் ஒரே நிறுவனம். கோடு எழுதியவரே டெஸ்ட் செய்து 'பாஸ்' போடுவது மாதிரி.

அமெரிக்காவும் இங்கிருந்துதான் கிளம்பியது

1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதி அளவை நடத்தியவர்கள் இறுதிச் சடங்குத் தொழில் செய்பவர்கள் என்று அதில் இருக்கிறது. காரணம் எளிது: ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1970இல் அங்கே ஈ.எம்.டி.க்களுக்கான தேசியப் பதிவேடு உருவானது. இன்று அந்த அமைப்பு தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது, வேலை செய்யும் லைசென்ஸை மாநிலம் தருகிறது. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் மூன்றாவது ஆள். பிரிட்டனில் 'பாராமெடிக்' என்ற பெயரையே பதிவு பெற்றவர் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயரை அடித்துச் சரிபார்க்கலாம்.

நமக்கும் சட்டம் வந்துவிட்டது

2021இல் நாடாளுமன்றம் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் ஈ.எம்.டி. (பாராமெடிக்) வருகிறார். தீக்காயப் பராமரிப்பு வல்லுநரும் வருகிறார். பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்க மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு, அதில் பெயர் இருப்பவர்தான் தொழில் செய்யலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. மாநிலங்கள் தாமதித்ததால், 2024 அக்டோபர் 12க்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு. துணை மருத்துவத் தொழிலாளர் என்றால் இரண்டு முதல் நான்கு வருடத்தில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 50 நாள் பயிற்சியை எப்படிக் கணக்குப் போட்டாலும் அதன் பக்கத்தில்கூட வராது. பத்து வருடமாக வண்டியிலேயே பிரசவம் பார்த்து, விபத்தில் சிக்கியவரை வெளியே இழுத்துக் காப்பாற்றியவரை 'நீ தகுதி இல்லை' என்று அனுப்ப முடியுமா? கூடாது. அதற்காக எல்லோர் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் பதிவேட்டுக்கு மரியாதை இருக்காது. அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு, விடுபட்டதைப் படிக்க ஓர் இணைப்புப் படிப்பு, இதுதான் நியாயமான வழி என்று எனக்குப் படுகிறது. என்னோடு வந்த அந்தப் பையனுக்கும் அதுதான் நல்லது. ஓனர் மாறினாலும் அவன் தகுதி அவன் கையில் இருக்கும்.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது

முதலில் 108. தனியார் வண்டி பிடிக்க வேண்டி வந்தால், ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டி பி-யா, சி-யா, டி-யா? பின்னால் யார் வருகிறார், என்ன படித்தார், எங்கே படித்தார்? நோயாளியின் நிலைமைக்கு இவர் போதுமா என்று அனுப்பும் டாக்டரையே கேளுங்கள். பதற்றத்தில் இதெல்லாம் தோன்றாது. எனக்கே பாதி வழி போன பிறகுதான் தோன்றியது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அடுத்த முறை கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்தால், போட்டோவையும் பெயரையும் விட்டுவிட்டு, பதிவு எண் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்து, அதைச் சரிபார்க்க ஓர் இடமும் இருந்தால்தான் அது லைசென்ஸ். இல்லையென்றால் அது போட்டோ கடையில் அடித்த அட்டைதான்.