பழைய காரின் பழுதறிதல்: மொறிஸ் மைனரின் சுக்கானும் தாங்கலும்

யந்திரமொன்று வெளிக்காட்டும் குறிகளைக் கொண்டு அதன் உள்ளே நிகழ்ந்துள்ள சிதைவை உய்த்துணர்வதே பழுதறிதல் எனப்படும். ஆய்வுகூடத்திற் கையாளப்படும் முறைக்கும் கராஜிற் கையாளப்படும் முறைக்கும் இவ்வகையில் அடிப்படை வேறுபாடில்லை. கருதுகோளை அமைத்தல், அதனைச் சோதித்தல், பொய்ப்பின் விலக்கல், எஞ்சியதை ஏற்றல் என்னும் படிகள் இரண்டிற்கும் பொதுவானவை. ஆயினும் முன்னையது கல்வி எனவும் பின்னையது வெறுங் கைத்தொழில் எனவும் நம்மிடையே பிரித்து நோக்கப்பட்டு வந்துள்ளது. பல்கலைக்கழகப் பொறியியற் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்கிறது. கராஜ் உழைப்பாளியின் அறிவோ தமிழில் வாய்மொழியாகவே கையளிக்கப்படுகிறது. அவ்வறிவின் ஒரு சிறு பகுதியைப் பௌதிகவியற் காரணங்களோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வாகனம் மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பில் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்கார், 1971 வரை பதினாறு இலட்சத்திற்கும் அதிகமான எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. இலங்கையிலும் அது பெருவழக்காயிற்று. 1970 - 1977 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 1990 இன் பின் வடபகுதியில் நிலவிய பொருளாதாரத் தடையும் பழைய கார்களின் ஆயுளை நீட்டின. பெற்றோல் அரிதாகிய அந்நாட்களில் யாழ்ப்பாணத்திற் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் இயங்கினாற் போதும் என்ற நெருக்கடியிற் சுக்கானும் தாங்கலும் கவனிப்பாரற்றுப் போதல் இயல்பே. ஆயின், எஞ்சின் பழுதடைந்தாற் கார் நின்றுவிடும்; சுக்கான் பழுதடைந்தாற் கார் நிற்பதில்லை. உயிராபத்தின் ஊற்று இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

1. அமைப்பு

மைனரின் சுக்கான் பற்சட்ட வகையினது. சுக்கான் தண்டின் அடியிலுள்ள சிறு பற்சில்லு, குறுக்கே கிடக்கும் பற்சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும். சட்டத்தின் இரு முனைகளிலுமுள்ள ரை றொட்டுகள் அவ்வசைவை முன்சில்லுகளுக்குக் கடத்துகின்றன. முன்புறப் பாரத்தைத் தாங்குவது காரின் நீளப்பாட்டிற் கிடக்கும் முறுக்குக் கோலாகும். அதன் முன்முனை கீழ்க்கையோடும் பின்முனை தரையின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தோடும் பிணைக்கப்பட்டுள்ளன. சில்லு மேலெழும்போது கோல் முறுகி, மீள் விசையைத் தருகிறது. மேற்கையாகத் தொழிற்படுவது ஷொக் அப்சோபரின் கையே. ஓர் உறுப்பு இரு தொழில்களைச் செய்வதால், அதன் தேய்வும் இருவகைக் குறிகளாக வெளிப்படும் என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்விரு கைகளுக்குமிடையே நிற்பது கிங்பின். அதன் இரு முனைகளிலும் திருகுபுரிகள் உள்ளன. அவை ட்ரனியன் எனப்படும் கட்டைகளினுட் புகுந்து சுழல்கின்றன.

2. குறிகளை நோக்குதல்

கருவியைக் கையிலெடுக்குமுன் ரயரை நோக்குதல் வேண்டும். ரயர் என்பது காரின் ஓட்ட வரலாறு பதியப்பட்ட ஏடு போன்றது. இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருப்பின் காற்று மிகை. ஓரம் ஒன்றே தேய்ந்திருப்பிற் சில்லின் சாய்வு அல்லது நேர்நிலை பிழைத்துள்ளது. கையால் தடவும்போது ஒரு திசையில் மென்மையாகவும் எதிர்த்திசையிற் கூர்மையாகவும் உணரப்படின், சில்லு தன் ஓட்டத் திசைக்குச் சாய்வாக இழுபட்டிருக்கிறது. ஆங்காங்கே குழிவிழுந்த தேய்வு, சில்லு தரையைவிட்டுத் துள்ளியமையைக் காட்டும்.

கார் ஒரு பக்கம் இழுப்பின், முதலிற் காற்றமுக்கத்தைச் சமப்படுத்தி, முன்சில்லுகளைப் பக்கம் மாற்றிப் பூட்ட வேண்டும். இழுவையும் பக்கம் மாறினாற் குற்றம் ரயரினதே. மாறாவிடின், சிறிது தூரம் ஓட்டிய பின் இரு பக்கத்துப் பிறேக் உருளைகளின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மிகச் சூடாயிருப்பின் அப்பக்கப் பிறேக் பற்றிக்கொண்டிருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது மாத்திரம் தட்டொலியுடன் இழுக்குமாயின், கீழ்க்கை முன்பின்னாக நகராவண்ணம் தடுக்கும் பிணைகோலின் இறப்பர்களை ஐயுறுதல் தகும். குறித்த ஒரு வேகத்தில் மாத்திரம் சுக்கான் நடுங்கினாற் சில்லின் சமநிலையின்மையே பெரும்பாலும் காரணமாகும். மேடுபள்ளங்களின் பின் எவ்வேகத்திலும் நடுங்கினால், இணைப்புகளில் தளர்வு உண்டு.

3. பாகுபடுத்திச் சோதித்தல்

சுக்கானின் தளர்வை அறிதற்கு இருவர் தேவை. சில்லுகள் தரையில் நிற்க, ஒருவர் சுக்கானைச் சிறிதளவு இருபுறமும் அசைக்க, மற்றவர் தண்டிலிருந்து சில்லு வரையுள்ள இணைப்பு ஒவ்வொன்றையும் முறையே நோக்க வேண்டும். ஓர் உறுப்பு அசைய அதனை அடுத்த உறுப்பு அசையாதிருப்பின் தளர்வு அவ்விரண்டிற்கும் இடையிலேயே உள்ளது. தண்டின் கவ்வி, பற்சட்டம் உடலோடு பொருந்துமிடம், ரை றொட்டின் உட்குண்டு, வெளிக்குண்டு என்பன இவ்வரிசையிற் சோதிக்கப்பட வேண்டியவை. பற்சட்டத்தின் இறப்பர் உறை கிழிந்திருப்பின் எண்ணெய் ஒழுகி மணல் புகுந்திருக்கும். தேய்வின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

சுக்கான் இறுக்கமாயிருப்பின், முன்புறத்தை உயர்த்திச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். இலகுவாயின் குறை ரயரின் காற்றில் இருக்கலாம். இறுக்கம் நீங்காவிடின் ரை றொட் முனைகளைக் கழற்றி, சில்லுகளையும் சுக்கானையும் தனித்தனியே அசைக்க வேண்டும். எது இறுகியுள்ளதோ அதிலேயே பழுது உண்டு. ஐயத்திற்குரிய பரப்பை ஒவ்வொரு சோதனையாலும் பாதியாகக் குறைத்தல் இம்முறையின் சிறப்பாகும்.

அடுத்தது சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்தல். காரை ஜக்கின்மீது மாத்திரம் நிறுத்தாது உறுதியான தாங்கிகளின் மீது அமர்த்திய பின்னரே இது செய்யத்தக்கது. அசைவு காணப்படின், ஒருவரைப் பிறேக்கை அழுத்தச் செய்து மீண்டும் அசைக்க வேண்டும். பிறேக் பிடிக்கும்போது சுழலும் உருளையும் நிலைத்த பின்தகடும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. எனவே அசைவு மறைந்தாற் குற்றம் சில்லின் பெயாரிங்கினது. மறையாவிட்டாற் கிங்பின்னினதோ ட்ரனியனினதோ ஆகும்.

4. ட்ரனியன்: அசட்டை செய்யத்தகாத உறுப்பு

மைனரின் பழுதுகளுள் மிக அபாயகரமானது கீழ் ட்ரனியனின் தேய்வாகும். முறுக்குக் கோலின் விசை கீழ்க்கையில் தாக்குவதால், முன்புறப் பாரம் முழுவதும் கீழ்த் திருகுபுரிகளினூடாகவே கடத்தப்படுகிறது. கிறீஸ் இல்லாதபோது நீர் புகுந்து துருவேறி, புரிகள் மெலிகின்றன. மெலிந்த புரி அதே பாரத்தைச் சுமப்பதால் தகைப்பு மேலும் பெருகுகிறது. ஈற்றிற் புரிகள் அறுந்து கிங்பின் கழன்றுவிட, சில்லு காரின் கீழ் மடிந்துவிடும். சுக்கான் முழுமையாகத் திருப்பப்படும் மெதுவான வேளைகளில் இது பெரிதும் நிகழக்கூடும். வேகத்தில் நிகழின் விளைவைக் கூற வேண்டியதில்லை.

சோதனை எளியது. சில்லு தொங்கும் நிலையில் ரயரின் கீழே நெம்புகோலைச் செருகி உயர்த்தும்போது, கிங்பின்னுக்கும் ட்ரனியனுக்கும் இடையே மேல்கீழ் அசைவு தென்படின் அவ்வுறுப்பை மாற்றுதல் வேண்டும். தடுப்புமுறை அதனினும் எளியது. பக்கத்திற்கு இரண்டாக உள்ள நான்கு கிறீஸ் முனைகளுக்கும் ஒழுங்காகக் கிறீஸ் ஏற்றுதலே அது. சில்லை உயர்த்திப் பாரத்தை நீக்கிய பின் ஏற்றினாலன்றி, அழுந்திக் கிடக்கும் புரிமுகங்களைக் கிறீஸ் சென்றடையாது. காரணம் அறியாதவன் தவறவிடும் நுணுக்கம் இதுவாகும்.

5. தணித்தலும் உயரமும்

காரின் மூலையொன்றை அழுத்தி விடும்போது, அது ஒருமுறை எழுந்து அமைதல் வேண்டும். தொடர்ந்து ஊசலாடினால் ஷொக் அப்சோபரின் எண்ணெய் குறைந்துள்ளது அல்லது அதன் வால்வு பழுதுற்றுள்ளது. ஆயினும் இச்சோதனையை முற்றாக நம்புதல் கூடாது. கிறீஸின்றி இறுகிய மூட்டுகளின் உராய்வும் ஊசலை அடக்கிவிடும். ஆகவே நன்னிலையெனத் தோன்றுவது மற்றொரு பழுதின் மறைப்பாகவும் இருக்கலாம். ஷொக் அப்சோபரின் சுழல்தண்டு தேய்ந்திருப்பின் எண்ணெய்க் கசிவோடு சில்லின் மேற்பகுதி உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் அசையும்.

முன்புறம் ஒருபக்கம் தாழ்ந்திருப்பின் முறுக்குக் கோலைத் திருத்துமுன், அதன் பின்முனை பொருந்தியுள்ள குறுக்குச் சட்டத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. உவர்க்காற்று வீசும் கரையோரங்களில் அவ்விடத்தைத் துரு அரித்திருக்கக்கூடும். துருவேறிய சட்டத்திற் கோலை இறுக்குதல், இடிந்த சுவருக்கு வெள்ளையடித்தலை ஒக்கும். பின்புறத்தில் தகட்டுவிற்களை அச்சோடு பிணைக்கும் வளைபோல்ற்றுகள் தளர்ந்தால் அச்சு நகர்ந்து, கார் பின்னிருந்து திசைமாறும். இரு பக்கங்களிலும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து ஒப்பிட்டால் இது புலனாகும். அத்தூரம் 86 அங்குலமாகும்.

6. இறுதியிற் செய்யத்தக்கது

முன்சில்லுகளின் நேர்நிலையைத் திருத்துதல் இறுதிப்படியாகவே அமைதல் வேண்டும். சில்லுகளின் முன்விளிம்புகளுக்கிடையிலான தூரம், பின்விளிம்புகளுக்கிடையிலான தூரத்திலும் 3/32 அங்குலம் குறைவாக இருத்தல் மைனருக்கு உரிய அளவாகும். முன்புறம் அளந்த அதே புள்ளிகளை, காரை அரைச் சுற்று உருட்டிப் பின்புறமும் அளந்தால் விளிம்பின் கோணலால் வரும் வழு நீங்கும். தேய்ந்த மூட்டுகளை விட்டுவிட்டு இவ்வளவைத் திருத்துதல் பயனற்றது. தளர்வு உள்ளவரை அளவு நிலைப்பதில்லை.

உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் எந்த உறுப்பையும் ஊகத்தின் பேரிற் கழற்றி எறிய இயலாது. பற்றாக்குறையே கராஜ் உழைப்பாளியைத் துல்லியமான பழுதறிவாளனாக ஆக்கியது எனலாம். பொருட்கள் தாராளமாகக் கிடைக்கும்போது, சோதியாது ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றும் வழக்கம் இலகுவிற் பரவுகிறது. அதன் செலவை வாகனம் உடையவரும், பழியை உழைப்பாளியும் சுமக்கின்றனர். உண்மைப் பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. கிங்பின்னும் ட்ரனியனும் புரிந்தவரின் கையறிவு அவரோடு மறையாதிருக்க வேண்டுமாயின், அது காரணகாரியத் தொடர்போடு தமிழில் எழுதப்படுதல் வேண்டும். கராஜின் வழக்குச் சொற்களையே அதற்குரிய கலைச்சொற்களாகக் கொள்ளுதலும் அப்பணியின் ஒரு கூறாகும்.